முட்டைக் கூடையும் உழுத வயலும்: சிட்ரோயன் 2சிவி மீது உரிமையாளர்கள் கொண்ட பற்று – ஒரு நிகழ்வு ஆய்வு

1990 ஜூலை 27 அன்று போர்ச்சுகலின் மங்குவால்டி ஆலையிலிருந்து, பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோயனின் கடைசி 2சிவி கார் வெளியே வந்தது. 1948 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான அந்த வண்டி, அடிப்படை அமைப்பில் பெரிய மாற்றம் ஏதுமின்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியில் இருந்தது. 38 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களும், அதே அமைப்பில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட சரக்கு வேன்களும் விற்றன. அது வேகமாக ஓடவில்லை, சத்தம் போட்டது, திருப்பங்களில் கவிழ்ந்துவிடுமோ என்று அஞ்சும்படி சாய்ந்தது, கதவுத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கியது. இத்தனையும் தெரிந்தவர்கள்தான் அதை விற்க மனமில்லாமல் வைத்திருந்தார்கள், இன்றும் வைத்திருக்கிறார்கள். இன்று பாரிஸ் செல்லும் தமிழர்கள் பலர் இந்தக் காரைக் கூரை திறந்த சுற்றுலா வண்டியாகவே பார்த்திருப்பார்கள். அது கிராமத்துச் சந்தைக்கு மூட்டை ஏற்றிச் செல்லப் பிறந்தது என்பது அந்தப் பளபளப்பில் தெரிவதில்லை.

இந்தப் பற்றுக்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. விலை மலிவு என்பது ஒன்று. பார்க்க வேடிக்கையாக இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் போதாது. மலிவுக்காக வாங்கிய பொருளைக் கையில் காசு சேர்ந்ததும் மாற்றிவிடுவது மனித இயல்பு. வேடிக்கையான தோற்றமோ ஆறு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். என் கருத்து வேறு. இந்தக் காரின் ஒவ்வொரு கோணலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை உரிமையாளர் யாரிடமும் கேட்காமல், ஓட்டியும் கழற்றியும் மாட்டியும் தானே கண்டுகொள்ள முடிகிறது. பற்று அங்கேதான் பிறக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க வசதியாக, அதே நிறுவனம் அதே சேஸியின் (அடிச்சட்டத்தின்) மீது இன்னொரு காரையும் செய்திருந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கேட்டது என்ன

1934இன் இறுதியில் சிட்ரோயன் நிறுவனம் கடனில் மூழ்கியது. அதற்குப் பெருந்தொகை கொடுத்திருந்த டயர் நிறுவனமான மிஷ்லன் அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. புதிய நிர்வாகத்தில் பொறுப்புக்கு வந்த பியர்-ஜூல் புலான்ஜே, குதிரை வண்டியையும் மாட்டு வண்டியையும் நம்பியிருந்த பிரெஞ்சுக் குடியானவர்களுக்காக ஒரு மிகச் சிறிய கார் வேண்டும் என்றார். அவர் வைத்த நிபந்தனைகள் கார் உலகில் இன்றும் பேசப்படுகின்றன. மரச்செருப்பு அணிந்த இரண்டு குடியானவர்களையும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கையும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. கூடை நிறைய முட்டையை ஏற்றி உழுத வயலைக் குறுக்கே கடந்தால் ஒரு முட்டையும் உடையக் கூடாது. தோற்றம் எப்படி இருந்தாலும் சரி.

நான்கு பேர் செல்லும் சொகுசுக் கார், ஆனால் விலை குறைவாக, என்று அவர் கேட்டிருந்தால் கிடைத்திருப்பது பெரிய காரின் நோஞ்சான் நகலாகத்தான் இருந்திருக்கும். அவர் மூட்டையையும் செருப்பையும் முட்டையையும் சொன்னார். கேட்டது அவ்வளவு திட்டவட்டமாக இருந்ததால், பொறியாளர் ஆந்த்ரே லெஃபெவ்ரும் இத்தாலியில் பிறந்த சிற்பியும் வடிவமைப்பாளருமான ஃபிளாமினியோ பெர்டோனியும் வேறு கார்களைப் பார்த்து எழுத வேண்டியிருக்கவில்லை. வண்டியின் முன்மாதிரிகளுக்கு ஒரே ஒரு முகப்பு விளக்கு இருந்தது. இருக்கைகள் கூரையிலிருந்து கம்பிகளில் தூளி போலத் தொங்கின. 1939 அக்டோபர் கண்காட்சியில் காட்ட எல்லாம் தயாரான நேரத்தில் போர் மூண்டது. கண்காட்சி ரத்தானது. செய்து முடித்திருந்த முன்மாதிரிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன; சில, ஆக்கிரமித்த ஜெர்மானியர் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டன. அப்படி மறைத்தவற்றில் மூன்று, 1990களில் நிறுவனத்தின் சோதனைத் திடல் அமைந்த லா ஃபெர்தே-விதாமில் ஒரு களஞ்சியத்தின் பரணில் கண்டெடுக்கப்பட்டன.

போரினால் ஏற்பட்ட தாமதம் காருக்கு நல்லதாகவே முடிந்தது. நீரால் குளிரும் பழைய இன்ஜின் போய், வால்டர் பெக்கியா வடிவமைத்த, காற்றால் குளிரும் இரண்டு சிலிண்டர் இன்ஜின் வந்தது. 375 சிசி, 9 குதிரைத்திறன். 1948இல் கண்காட்சியில் நின்ற வண்டியைப் பத்திரிகையாளர்கள் கேலி செய்தார்கள். ஆனால் வாங்க விரும்பியவர்களின் பட்டியல் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய அளவுக்கு நீண்டது. கிராமத்து மருத்துவர், பாதிரியார், சிறு விவசாயி போன்றவர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. காத்திருக்கத் தேவையில்லை என்பதால், ஓடிய வண்டி புது வண்டியைவிட அதிக விலைக்குப் போனது.

கைக்கு எட்டும் காரணங்கள்

முதலில் சாலையின் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன், ஏனெனில் முட்டைக் கூடை அதன் பொறுப்பு. சாதாரணக் காரில் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே ஸ்பிரிங் இருக்கும். 2சிவியில் ஒரு பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அமைப்பில் இணைந்தவை. சக்கரங்களைத் தாங்கும் நீண்ட கைகளில் இருந்து கம்பிகள் வந்து, தரைக்கு இணையாக வண்டியின் அடியில் படுத்திருக்கும் ஓர் உருளைக்குள் உள்ள ஸ்பிரிங்குகளை இழுக்கின்றன. அந்த உருளையே முன்னும் பின்னும் சற்று நகரக்கூடியது. முன் சக்கரம் மேட்டில் ஏறும்போது விசையில் ஒரு பகுதி பின்பக்கத்துக்குப் போய், பின் சக்கரத்தைச் சாலையை நோக்கி அழுத்துகிறது. ஆகவே வண்டி முன்னால் தூக்கிப் பின்னால் குத்துவதற்குப் பதிலாக, கிடைமட்டமாகவே எழுந்து தணிகிறது, அலையில் படகு எழுவதைப் போல.

இதற்கு ஒரு விலை உண்டு. இவ்வளவு மெத்தென்ற அமைப்பு திருப்பத்தில் பயங்கரமாகச் சாயும். முதல்முறை ஏறுகிறவர் கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொள்வார். உரிமையாளருக்கோ அது எவ்வளவு சாயும், எந்த இடத்தில் சாய்வது நிற்கும் என்பது உடலுக்கே தெரிந்திருக்கும். சாய்ந்தாலும் சக்கரங்கள் சாலையை விடுவதில்லை, எளிதில் கவிழ்வதுமில்லை. பக்கத்தில் அமர்ந்தவர் அலறும்போது ஓட்டுகிறவர் சிரிப்பது 2சிவி வீடுகளில் வழிவழியாக வரும் குறும்பு.

அதே மென்மையிலிருந்து இன்னொரு கோணலும் பிறந்தது. பின்னிருக்கையில் மூட்டையோ ஆளோ ஏறினால் பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் நிமிர்கிறது. விளக்கொளி மரக்கிளைக்குப் போய்விடுகிறது. அதனால் ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு குமிழைத் திருகி இரண்டு முகப்பு விளக்குகளையும் சேர்த்துத் தாழ்த்தலாம். பளுவுக்கு ஏற்ப விளக்கின் உயரத்தை மாற்றும் இந்த வசதி விலையுயர்ந்த கார்களுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. மூட்டை ஏற்றும் வண்டிக்கு அது முதல் நாளிலிருந்தே தேவைப்பட்டது.

கியர் கம்பி தரையிலும் இல்லை, ஸ்டீயரிங் தண்டிலும் இல்லை. டாஷ்போர்டிலிருந்து குடைக் கைப்பிடி போல நீட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் சாய்த்து இழுத்தால் முதல் கியர். நேராக நிமிர்த்தித் தள்ளினால் இரண்டு, அப்படியே இழுத்தால் மூன்று, வலப்பக்கம் சாய்த்துத் தள்ளினால் நான்கு. கேட்டால் குழப்பம், கையில் பத்து நிமிடம் பிடித்தால் விளங்கிவிடும், ஏனெனில் நகருக்குள் ஓயாமல் மாற்ற வேண்டிய இரண்டும் மூன்றும் ஒரே நேர்கோட்டில், ஒரு தள்ளலும் ஓர் இழுப்புமாக அமைந்திருக்கின்றன. ரிவர்ஸ் கியர் முதல் கியருக்கு நேர் எதிரில் இருக்கிறது. சேற்றில் சிக்கிய வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க அதைவிட நல்ல இடமில்லை. கம்பி தரையில் இல்லாததால் முன்பக்கம் தரை முழுவதும் காலியாகக் கிடைக்கிறது. மரச்செருப்புக்கு இடம் வேண்டுமே.

தொடக்க கால வண்டிகளில் மழைத்துடைப்பானுக்குத் தனி மோட்டார் கிடையாது. ஸ்பீடாமீட்டரை இயக்கும் கேபிளே வைப்பரையும் இழுத்தது. வேகமாகப் போனால் வேகமாகத் துடைக்கும், மேட்டில் திணறினால் அதுவும் திணறும், நின்றால் நின்றுவிடும். அடைமழையில் போக்குவரத்து நெரிசலில் நின்றவர்கள் உள்ளிருந்த குமிழைக் கையால் திருகித்தான் கண்ணாடியைத் துடைத்தார்கள். இதை வசதி என்று யாரும் வாதிட முடியாது. பிற்காலத்தில் மின் மோட்டார் வந்ததும் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் குறை எங்கிருந்து வருகிறது என்பது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்; அதைச் சமாளிக்கும் வழியும் அவர் கையிலேயே இருந்தது.

முன் கதவுக் கண்ணாடி இறங்காது. கீழ்ப்பாதியை வெளிப்பக்கமாக மடித்து மேலே தூக்கி, கிளிப்பில் மாட்ட வேண்டும். கண்ணாடியைச் சுருட்டி இறக்கும் பொறி கதவுக்குள் தேவையில்லாததால் கதவு மெலிதாகவும் இலேசாகவும் இருக்கிறது, உள்ளே தோளுக்கும் முழங்கைக்கும் இடம் கூடுகிறது. மாட்டிய கண்ணாடி சாலைக்குழியில் கழன்று முழங்கையில் சொத்தென்று விழும். 2சிவி ஓட்டியவர்களில் அந்த அடி வாங்காதவர் அரிது. கூரை முழுவதும் சுருட்டக்கூடிய கேன்வாஸ். முதற்காலத்தில் அந்தத் துணி டிக்கியையும் மூடியபடி பின்பக்கம் வரை இறங்கியது. சுருட்டிவிட்டால் அலமாரியையோ ஏணியையோ நிற்க வைத்தே ஏற்றிப் போகலாம். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ரப்பர்ப் பட்டைகள் கோத்த இருக்கைகளைக் கையால் கழற்றி வெளியே எடுத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் அவையே நாற்காலிகள்.

இன்ஜினும் பாடமும்

காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால் ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் பம்ப் இல்லை, வெடிக்க ஹோஸ் குழாய் இல்லை, குளிரில் உறைய ஒன்றுமில்லை. விசிறி நேரடியாக இன்ஜினின் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க் தண்டின் முனையில் பொருந்தியிருப்பதால் அறுந்துபோக ஃபேன் பெல்ட்டும் இல்லை. மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை, இரண்டு ஸ்பார்க் பிளக்குகளும் ஒரே நேரத்தில் பொறி விடும், ஒன்று வேலைக்கு, மற்றொன்று வீணுக்கு. சிலிண்டர் ஹெட்டுக்கு கேஸ்கட் கூட வைக்கவில்லை. இல்லாத பாகம் பழுதாவதில்லை என்பதைக் கிராமத்து மெக்கானிக்குகள் விரைவில் புரிந்துகொண்டார்கள்.

ஆனால் எல்லாம் எளிது என்று எழுதினால் அது பொய். பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பிளாட்டினம் பாயிண்டுகளை விசிறிக்குப் பின்னால் வைத்த முடிவை எந்த உரிமையாளரும் மன்னித்ததாகத் தெரியவில்லை. ஐந்து நிமிட வேலைக்கு முதலில் விசிறியைக் கழற்ற வேண்டும்.

வண்டியோடு வரும் கருவிகளில் ஒரு கம்பி உண்டு. அதுவே ஜாக்கியைச் சுழற்றும் பிடி, சக்கர நட்டைத் திருகும் ஸ்பேனர், முன்பக்கத் துளையில் நுழைத்து இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் ஹேண்டிலும். போனட்டைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கையோடு வந்துவிடும். முன் மட்கார்டுகள் சில போல்ட்டுகளில் நிற்பவை. இடித்து நசுங்கிய ஒன்றைப் பழைய வண்டியின் வேறு நிற மட்கார்டால் மாற்றிவிட்டு ஓட்டுவது இயல்பான காட்சியாக இருந்தது.

இன்ஜினின் பலவீனமும் ஒரு பழக்கத்தை உண்டாக்கியது. ஒன்பது குதிரைத்திறனோடு, மணிக்கு 65 கிலோமீட்டர் உச்ச வேகத்தோடு ஓட்டுகிறவர் ஒருமுறை வேகத்தை இழந்தால் அதைத் திரும்பச் சேர்க்க நெடுநேரம் ஆகும். ஆகவே அவர் தொலைவிலேயே மேட்டைப் பார்த்து முன்கூட்டியே முடுக்குகிறார். திருப்பத்தில் பிரேக்கை மிதிக்கத் தயங்குகிறார். பிற்காலத்தில் 602 சிசி இன்ஜினும் 29 குதிரைத்திறனும் வந்தபோதும் இந்தக் கணக்கு முற்றிலும் மாறவில்லை. வலிமையான காரில் பாதத்தால் செய்யும் வேலையை இதில் கண்ணும் நிதானமும் செய்ய வேண்டியிருந்தது. சரியாக ஓட்டிவிட்டோம் என்ற திருப்தி தினமும் கிடைக்கும் வண்டிகள் குறைவு.

யார் கையில் போனது

முதல் தலைமுறை உரிமையாளர்கள் தேவைக்காக வாங்கினார்கள். இரண்டாம் தலைமுறை, பெரும்பாலும் மாணவர்களும் இளம் ஆசிரியர்களும், அப்பாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ பெற்றது. பிரெஞ்சில் ‘தெ ஷெவோ’, இரண்டு குதிரை, என்பது வரிக்கணக்கில் அதற்கிருந்த வகுப்பு மட்டுமே. அது செல்லமாக ‘தெஷ்’ ஆனது. ஜெர்மானியர் ‘வாத்து’ என்றார்கள், டச்சுக்காரர் ‘அசிங்கமான வாத்து’ என்றார்கள். திட்டுவது போன்ற பெயரைச் சொந்தக்காரரே பெருமையாகச் சொல்லத் தொடங்கினால், உறவு நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். நம் வீடுகளில் கடைக்குட்டிக்கு வைக்கும் பட்டப்பெயர் போல.

1958-59இல் ஜாக் செகேலா, ஜான்-குளோத் போதோ என்ற இரண்டு இளைஞர்கள் இந்தக் காரில் உலகைச் சுற்றினார்கள். கியர்பாக்ஸில் எண்ணெய் ஒழுகிப்போக, வாழைப்பழத்தை மசித்து உள்ளே போட்டு அடுத்த ஊர் சேர்ந்தார்கள் என்பது அப்பயணத்தின் புகழ்பெற்ற கதை. சிட்ரோயன் நிறுவனமே 1970இல் பாரிஸிலிருந்து காபூலுக்கும், 1971இல் ஈரானின் பெர்சிபோலிஸுக்கும், 1973இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜானிலிருந்து பாலைவனம் கடந்து துனிஸுக்கும் இளைஞர்களை இந்த வண்டிகளில் அனுப்பியது. இவை விளம்பரத்துக்காகவும் செய்யப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழுதானால் வழியிலேயே தன் கையால் சரிசெய்யக்கூடிய வண்டி என்ற எண்ணம் இல்லாமல், இருபது வயதுப் பிள்ளை தன் பழைய காரை ஆப்கானிஸ்தான் பக்கம் திருப்பியிருக்க மாட்டான்.

டியான்: அதே எலும்பு, வேறு சட்டை

1967இல் சிட்ரோயன், 2சிவியின் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு டியான் என்ற காரை வெளியிட்டது. அதே சேஸி, அதே சஸ்பென்ஷன், அதே வகை இன்ஜின், டாஷ்போர்டிலிருந்து நீளும் அதே கியர் கம்பி. கேன்வாஸ் கூரையும் இருந்தது. கூடுதலாக, பின்பக்கம் முழுதாகத் திறக்கும் கதவு, பக்கவாட்டில் நகரும் கண்ணாடிகள், மட்கார்டுக்குள் ஒழுங்காகப் பதிந்த விளக்குகள். பயன்பாட்டை மட்டும் அளந்தால் டியான்தான் மேலான கார். மூட்டை ஏற்றுவது அதில் எளிது. 14 லட்சத்துக்கும் மேல் விற்றது, ஆகவே தோல்வி என்றும் சொல்ல முடியாது. ஆனால் வாரிசாக வந்தது 1983இல் நின்றுபோனது. மூத்தது மேலும் ஏழாண்டுகள் ஓடியது.

இதற்கு விலை ஒரு காரணம்: 2சிவி மலிவாக இருந்தது, 1973இன் எண்ணெய் நெருக்கடி அதற்குப் புத்துயிர் தந்தது. அதை மறுப்பதற்கில்லை. எனினும் விலை வித்தியாசம் மட்டும், உற்பத்தி நின்ற பின்னும் தொடரும் அன்பின் வேறுபாட்டை விளக்காது. டியான், 2சிவியின் காரணங்களைத் தகட்டுக்குள் மறைத்தது. பழைய வண்டியில் விளக்கு ஏன் வெளியே கம்பியில் நிற்கிறது என்று பார்த்தவுடன் கேட்கத் தோன்றும், பளு ஏற்றிய முதல் இரவில் பதிலும் கிடைக்கும். டியானில் விளக்கு மற்றக் கார்களில் உள்ளதைப் போலவே இருந்தது, கேள்வியே எழவில்லை.

இந்தக் கருத்துக்கு எதிராக இன்னொரு பிரெஞ்சுக் காரான ரெனோ 4ஐக் காட்டலாம். 1961இல் வந்த அந்த வண்டி இதே வாடிக்கையாளர்களைக் குறிவைத்து, இதைவிட வசதியாக, பெரிய பின்கதவோடு, 80 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதற்கும் தீராத அன்பர்கள் உண்டு. நான் அதை எதிர்ச்சான்றாகக் கருதவில்லை. ரெனோ 4 நல்ல வேலைக்காரன் என்று நேசிக்கப்படுகிறது. 2சிவியின் உரிமையாளரோ தன் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அது ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்கத் தொடங்கிவிடுகிறார்.

அன்பு மூடி மறைப்பவை

பற்று உண்மைகளை மறைக்கக் கூடாது. மெல்லிய தகடும் இலேசான உடலும் மோதலில் உள்ளிருப்பவருக்குப் போதிய பாதுகாப்புத் தராது. 1980களின் சாலைகளில், கனமான வேகமான கார்களுக்கு நடுவே அது ஆபத்தான சிறுமை. சேஸி துருப்பிடிக்கும், அதிலும் உள்ளிருந்து. பாதுகாப்பும் புகை விதிகளும் இறுகிய காலத்தில் இதைத் தொடர்ந்து செய்ய வழியில்லை. 1988இல் பாரிஸை ஒட்டிய லெவலுவா ஆலை மூடப்பட்டு, இறுதி இரண்டாண்டுகள் உற்பத்தி போர்ச்சுகலில் நடந்தது.

அதற்கு முன்பே விற்பனையின் தன்மை மாறத் தொடங்கியிருந்தது. 1980இல் இரண்டு நிறத்தில் வந்த சார்ல்ஸ்டன் பதிப்பு, பழைய நினைவை விலைபோட்டு விற்றது. முதலில் குறைந்த எண்ணிக்கையில் திட்டமிட்டு, வரவேற்பைக் கண்டு நிரந்தரமாக்கினார்கள். சாம்பல் நிறம் ஒன்றுதான் என்று தொடங்கிய வண்டி அழகுப் பொருளானதில் எனக்குச் சற்று மனக்குறை உண்டு. ஆனால் இன்று நல்ல நிலையில் ஓடுபவற்றில் அந்தக் கடைசிக் காலத்து வண்டிகள் பல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிட்ரோயன் இன்று திருவள்ளூர் மாவட்டத்து ஆலையிலும் கார் செய்கிறது. அந்தக் கார்களில் சஸ்பென்ஷனைப் பற்றி விளம்பரத்தில் பேசுவதுண்டு. டாஷ்போர்டிலிருந்து நீளும் கம்பியோ, முழங்கையில் விழும் கண்ணாடியோ அவற்றில் இல்லை. இருந்தால் வாங்கவும் மாட்டார்கள்.

துருப்பிடித்த சேஸியை என்ன செய்வது என்பதற்கு உரிமையாளர்கள் தாமே வழி கண்டார்கள். துத்தநாகம் பூசிய புதுச் சேஸிகளைச் சிறு பட்டறைகள் செய்து விற்கின்றன. ஆலை தந்ததைவிட அவை நீண்ட நாள் உழைக்கின்றன. மேல் உடலின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து அதை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இன்ஜினையும் சக்கரக் கைகளையும் அடியில் படுத்த ஸ்பிரிங் உருளைகளையும் புதியதற்கு மாற்றுகிறார்கள். பழைய கதவுகளும் பழைய நசுங்கல்களும் திரும்ப ஏறுகின்றன. வேலை முடிந்து பேட்டரியை இணைத்த பின்னும், சிலர் சாவியைத் தொடாமல், முன்பக்கத் துளையில் ஹேண்டிலை நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றித்தான் முதல்முறை ஸ்டார்ட் செய்கிறார்கள்.